சரக்கை விற்போம், நோய் தீரும் என்று சொல்லி விற்க வேண்டாம்

சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், ஆவாரம்பூ, வெந்தயம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக நம் கடைகளில் இருந்துவரும் சரக்குகள். ரசத்துக்கு மிளகு வாங்குகிறவரே இருமலுக்குக் கஷாயம் வைக்கவும் வாங்கிப் போகிறார். மளிகைக்கும் நாட்டு மருந்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. ஆனாலும் மருந்துச் சட்டமெல்லாம் மருந்துக் கடைக்காரர்களுக்குத்தான் என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அது சரியல்ல என்பதை வணிக நண்பர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறோம்.

முதலில் நமக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுவோம். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இஞ்சி, மிளகு, சீரகம், இலவங்கப்பட்டை போன்றவற்றைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கின்றன. அரசு மருந்து நூலின் தரத்தில் உள்ளது என்று சீட்டு ஒட்டாத வரை அவை மளிகைச் சரக்கே. இதிலேயே சட்டத்தின் நோக்கம் விளங்கிவிடுகிறது. சரக்கு ஒன்றுதான். அதன் மேல் நாம் ஒட்டும் சீட்டும் சொல்லும் சொல்லுமே அதை மருந்தாக்குகின்றன.

அந்தச் சொல்லைக் கட்டுப்படுத்த 1954-இல் தனிச் சட்டம் வந்தது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் என்று அதற்குப் பெயர். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இருதய நோய், புற்றுநோய், காக்காய் வலிப்பு, சிறுநீரகக் கல், பக்கவாதம், வாதம், மலட்டுத்தன்மை என 54 நோய்கள் அதன் பட்டியலில் உள்ளன. இவற்றைத் தீர்க்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக்கூடாது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. மீறினால் முதல் முறை 6 மாதம் வரையும், மறுமுறை ஓராண்டு வரையும் சிறை என்று அச்சட்டம் வகுத்தது.

விளம்பரம் என்றால் பத்திரிகையில் வருவது மட்டும் என்று எண்ண வேண்டாம். நோட்டீஸ், லேபிள், மேலுறை, வாய்மொழி அறிவிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஒலியாலும் ஒளியாலும் புகையாலும் செய்யும் அறிவிப்பைக்கூடச் சட்டம் விட்டுவைக்கவில்லை. அதை வெளியிடுவதில் எந்த வகையில் பங்கு கொண்டாலும் குற்றம். ஆகவே கல்லாவுக்குப் பின்னால் நாம் மாட்டும் போஸ்டரும், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் இதற்குள் வரும்.

இச்சட்டத்தை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில் 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில பகுதிகளை நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் தடை செய்யப்பட்ட மருந்துகளுக்கான வியாபார விளம்பரத்தைப் பேச்சுரிமை காக்காது என்றும் சொல்லிவிட்டது. 1963-இல் சட்டம் திருத்தப்பட்டது.

நாம் நாட்டு மருத்துவத்துக்கு எதிரிகள் அல்லர். 2020-இல் கொரோனா காலத்தில் தமிழக அரசே கபசுரக் குடிநீர் வழங்கியது. நம் கடைகளிலும் நிறைய விற்பனையாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய ஆயுஷ் அமைச்சகம், கொரோனா தீரும் என்று பொய்யாக விளம்பரம் செய்வோரைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. குடிநீரைக் கொடுப்பது வேறு, குணமாகும் என்று உறுதி கொடுப்பது வேறு.

இந்த வேறுபாட்டில்தான் மனித உயிர் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒரு பொடியை நம்பி அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். ரத்த அழுத்தத்துக்கு வலியே தெரியாது. மாத்திரையை விட்டவர் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்து, ஒருநாள் கை கால் விழுந்து படுத்துவிடுகிறார். பொடி தயாரித்தவர் எந்த ஊரிலோ இருப்பார். "அண்ணாச்சி சொன்னார், வாங்கினேன்" என்று வீட்டார் நம்மைத்தான் காட்டுவார்கள்.

அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற 170-ஆம் விதி 2018-இல் வந்தது. 2024 ஜூலையில் மத்திய அரசு அதை நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்தபோது அந்தத் தடையும் விலகியது. பதஞ்சலி நிறுவனம் 2024-இல் பகிரங்க மன்னிப்பு கேட்டதும் அந்த வழக்கில்தான். பெரிய நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடலாம், மன்னிப்பும் கேட்கலாம். சிறுகடைக்காரரால் ஒரு சம்மனையே தாங்க முடியாது. நடவடிக்கை தயாரிப்பாளரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கும் முன் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

அதற்கு நான்கு காரியங்கள் போதும். முதலாவது, சில்லறையாக எடை போடும் சரக்குக்குப் பெயரும் விலையும் மட்டும் எழுதுவோம், நோயின் பெயர் வேண்டாம். இரண்டாவது, சித்த, ஆயுர்வேத மருந்துப் பாக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானம் ஆகியவை உள்ளனவா என்று பார்த்து, பில்லுடன் மட்டுமே வாங்குவோம். மூன்றாவது, நாமே இடித்துப் பொட்டலம் கட்டி மருந்துப் பெயர் போட வேண்டாம், அதற்குத் தயாரிப்பு உரிமம் வேண்டும். தம் நோயாளிக்குத் தாமே தயாரித்துக் கொடுக்கும் வைத்தியருக்குச் சட்டம் அளித்துள்ள விலக்கு கடைக்காரருக்குக் கிடையாது. நான்காவது, ஸ்கீம் தருகிறேன், கமிஷன் தருகிறேன் என்று விற்பனைப் பிரதிநிதி எந்தப் போஸ்டரைக் கொண்டுவந்தாலும், படித்துப் பார்க்காமல் மாட்ட வேண்டாம். உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறார்கள்.

"இது சர்க்கரைக்குக் கேட்குமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், "சரக்கு சுத்தமானது, அதற்கு நான் பொறுப்பு. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று சொல்லுவோம். அன்றைய வியாபாரத்தில் ஒரு பாக்கெட் குறையலாம், அந்த வாடிக்கையாளர் நம் கடையை விட்டுப் போகமாட்டார்.