ஹோலுக்குள் ஒரு கடல்: சாமான் வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

துபாய் மோலில் 2008ஆம் ஆண்டு ஒரு பிரமாண்டமான கண்ணாடித் தொட்டி திறக்கப்பட்டது. ஒரு கோடி லீற்றர் தண்ணீர் பிடிக்கும் அதன் முன்னால் நின்று படம் எடுக்காத நம்மூர் வாலிபர்கள் அங்கே குறைவு. விடுமுறையில் வரும்போது, புதுவீட்டு ஹோலிலும் சிறிதாக ஒன்று வைக்க வேண்டும், உள்ளே பவளமும் கோமாளி மீனும் இருக்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்துவிடுகின்றது. ஆசை வாப்பாமாருடையது, பிள்ளைகளுடையது. விடுமுறை முடிந்து அவர் விமானம் ஏறியபின், தினமும் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, மின்சாரம் நின்றால் ஓடிப் பார்க்கப் போவது வீட்டிலிருக்கும் தாய்தான். ஆகவே சகோதரிகளே, எந்தச் சாமான் தேவை, எது தேவையில்லை என்ற பேச்சில் முதலில் உட்கார வேண்டியவர் நீங்கள்.

நன்னீரில் தங்கமீன் வளர்த்தவர்கள் இதையும் அதுபோல நினைத்து, தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால் கடலாகிவிடும் என்பார்கள். ஆகாது. சமையலுக்கு நாம் வாங்கும் உப்பு எப்படி வருகின்றது? அம்பாந்தோட்டையிலும் ஆனையிறவிலும் புத்தளத்திலும் பாத்திகளில் கடல்நீரைக் காயவிட்டு, உப்புப் படிந்ததும் மேலே நிற்கும் கசப்பு நீரை வடித்து விடுகிறார்கள். கடலில் இருந்த மக்னீசியத்தின் பெரும்பகுதி அந்தக் கசப்பு நீரோடு போய்விடும். கல்சியமோ அதற்கு முந்திய பாத்திகளிலேயே படிந்துவிட்டிருக்கும். நம் கைக்கு வருவது கறிக்கு ருசி, கடலல்ல. இதற்கென்றே தயாரித்த கடலுப்பு தனியாக விற்கப்படுகின்றது. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வேண்டும்.

வினாயகபுரம் தொடங்கிக் கல்முனை வரை வாசலிலேயே கடலை வைத்திருக்கும் நாம் அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. காலமும் இடமும் பார்த்தால் நமது கடல்நீரே நல்லது. மாரி மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் எடுக்கலாகாது. ஆற்று வெள்ளம் கலந்து உப்புக் குறைந்து, கலங்கியும் இருக்கும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எந்தக் காலத்திலும் எடுக்க வேண்டாம். வரண்ட மாதங்களில், தோணிக்காரர் ஒருவரிடம் சொல்லி, அலை உடையும் இடத்துக்கு அப்பாலிருந்து சுத்தமான பிளாஸ்டிக் பீப்பாய்களில் எடுப்பித்து, துணியில் வடித்து, இருட்டில் மூடிவைத்துத் தெளியவிட்டுப் பாவிக்க வேண்டும். உப்பின் அளவைப் பார்க்கச் சிறிய மானி ஒன்று கட்டாயம் தேவை. 1.025 என்று காட்டினால் சரி.

இப்போது சாமானுக்கு வருவோம். பவளப்பாரில் அலை அடிக்கின்றது, சூரியன் காய்கின்றது, அழுக்கை நீரோட்டம் கொண்டு போகின்றது, வெப்பம் அதிகம் கூடாமல் பெருங்கடல் பார்த்துக் கொள்கின்றது. கடைக்காரர் நமக்கு விற்கும் ஒவ்வொரு இயந்திரமும் இவற்றில் ஒன்றின் பதிலாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், எதை வாங்குவது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் கேள்வி, உள்ளே பவளம் வேண்டுமா, மீன் மட்டும் போதுமா என்பது. செலவில் பெரும்பகுதியை இதுவே தீர்மானிக்கின்றது. நம் நாட்டைப் பொறுத்தவரை இதற்குச் சட்டமும் பாதி பதில் சொல்லிவிட்டது. கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவந்த திருத்தம் கரையோர வலயத்தில் பவளம் எடுப்பதைத் தடைசெய்தது. பாசிக்குடாவில் குளிக்கப் போகும்போது ஒரு கிளையை முறித்துக்கொண்டு வருவதும் குற்றமே. வளைகுடாவில் கடைகளில் விற்கிறார்களே, ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரட்டுமா என்று சிலர் கேட்கின்றனர். கல்பவளங்கள் அனைத்தும் சைட்டீஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. அனுமதிப் பத்திரமின்றி எல்லை தாண்டக் கூடாது. விமான நிலையத்தில் அவமானப்பட வேண்டாம்.

இந்தத் தடையின் காரணத்தை நம் கரையில் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் பல்லாண்டுகளாகப் பவளத்தைத் தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது, பவளப்பார் மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அலை தணிந்து வந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், பவளம் தோண்டப்பட்ட பெரலியவில்தான் அது ரயிலையே புரட்டியது. பின்னர் அங்கே ஆய்வு செய்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் குறிப்பிட்டு எழுதினார்கள். இலங்கையில் அந்த நாளில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். அலையைத் தடுக்கும் ஒன்றை அலங்காரத்துக்காக உடைக்க நம்மில் யாருக்கும் மனம் வராது.

ஆகவே இங்கே நம் வீடுகளுக்குப் பொருத்தமானது கல்லும் மீனும் உள்ள உப்புநீர்த் தொட்டி. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், இயற்கைக் கடல்நீர், உயிருள்ள கடற்கற்கள், கொஞ்சம் காற்றுக் குமிழிகள் ஆகியவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்த்த விதத்தை 1961இல் எழுதினார். பின்னர் ஜெர்மனியில், பெர்லின் நகரத்தவர்கள் அதனுடன் கடும் வெளிச்சத்தையும் நுரை பிரிப்பானையும் சேர்த்தனர். இன்றைய பவளத்தொட்டிகள் இந்த வழியில் வந்தவை. லீயின் வெயில் நமக்கும் உண்டு, அவருடைய கல் நமக்கில்லை. சீமெந்தாலோ சுட்ட களிமண்ணாலோ துளைகள் நிறைந்த கற்களைச் செய்துகொள்ளலாம். சீமெந்துக் கல்லைப் பல வாரங்கள் நீரில் ஊறப்போட்டு, அடிக்கடி நீரை மாற்றி, அதன் காரம் போனபின்பே தொட்டியில் வைக்க வேண்டும்.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 240 லீற்றர் பிடிக்கும். தண்ணீரே கால் தொன். கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். அலமாரி மேசையில் வைக்கும் பொருளல்ல. இரும்பில் அல்லது கனத்த மரத்தில் தாங்கி செய்து, நிலம் மட்டமாக உள்ள இடத்தில், வெயில் விழாத சுவரோரம் வையுங்கள். சிறிய தொட்டி இலகு என்பது தவறான எண்ணம். தண்ணீர் குறையக் குறைய அதன் உப்பும் சூடும் சீக்கிரம் மாறும்.

தாங்கிக்குள் கீழே இன்னொரு தொட்டி இருக்கும். சம்ப் என்பார்கள். மேல்தொட்டியில் வழியும் நீர் கீழே இறங்கி, சுத்தமாகி, பம்பியால் மீண்டும் மேலேறும். மின்சாரம் நின்றதும் மேலிருந்து கொஞ்சம் நீர் கீழிறங்கும். நாம் சொன்ன அளவுத் தொட்டியில் மூன்று சென்ரிமீற்றர் இறங்கினாலே 16 லீற்றர். கீழ்த்தொட்டியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்காவிட்டால், ஹோல் நிலத்தில் உப்புநீர் ஓடும். மேலேறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இட்டால், குழாய் வழியே நீர் பின்னோக்கி உறிஞ்சப்படுவது நிற்கும். தொட்டி செய்பவரிடம் இவ்விரண்டையும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மீன் விடுமுன் பம்பியை நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது நுரை பிரிப்பான். இறைச்சி கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கு நுரையை அகப்பையால் அள்ளி வீசுகிறீர்கள் அல்லவா? இதுவும் அதே வேலையைத்தான் செய்கின்றது. மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை நீருக்குள் விட்டால், மீனின் கழிவிலும் மீந்த தீனியிலுமுள்ள புரதம் அக்குமிழிகளில் ஒட்டி, நுரையாகி, மேலேயுள்ள கிண்ணத்தில் சேரும். கடல் கொந்தளிக்கும் நாளில் கரையில் ஒதுங்கும் நுரையும் இத்தகையதே. மற்ற எதிலும் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

நீரோட்டத்துக்கு எதிரெதிராக இரண்டு பம்பிகள் போதும். மணிக்குத் தொட்டி நீரின் பத்து மடங்காவது சுழலட்டும். வெளிச்சமோ மீனுக்குச் சாதாரண எல்.ஈ.டி விளக்கே போதும். பவளத்துக்குத்தான் விலையுயர்ந்த விளக்கு. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றது.

இனி வெப்பம். குளிர்நாட்டில் எழுதிய புத்தகங்களில் ஹீற்றர் வாங்கச் சொல்வார்கள். இங்கே அதை வாங்குவது வீண்செலவு. 25, 26 பாகை இருக்க வேண்டிய நீர் நம் ஹோலில் பகலில் 30ஐத் தாண்டும். வழமையான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு பாகை கூடிப் பல வாரங்கள் நின்றால் கடலிலேயே பவளம் வெளிறிவிடும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாரிலும் நடந்தது அதுதான். சில்லர் என்னும் குளிரூட்டும் பெட்டி விலை கூடியது. அது நீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளேயே கக்குவதால் அதை ஜன்னலோரம் வைக்க வேண்டும். மீன் மட்டுமுள்ள தொட்டிக்கு, நீரின் மேற்பரப்பில் காற்று வீசும் சிறு மின்விசிறி இரண்டு மூன்று பாகையைக் குறைக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அறை சுட்டாலும், காற்று வரண்டிருப்பதால் விசிறி நன்றாக வேலை செய்யும்.

விசிறி வைத்தால் நீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே தினமும் ஊற்ற வேண்டியது நன்னீர். மணற்பாங்கான நம் ஊர்களில் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்தில் இருப்பதால், கிணற்று நீரில் நைத்திரேற்று கலந்திருக்கக்கூடும். அது பாசியை வளர்க்கும். குழாய்நீரில் குளோரின். முதல் மழை கூரையைக் கழுவிய பின் பிடித்த மழைநீர் நல்லது, ஆர்.ஓ வடிகட்டிய நீரும் நல்லது.

இவை எல்லாவற்றையும் ஓடச் செய்வது மின்சாரம். 2022 மார்ச் 31இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கியது. பம்பி நின்றால் மீனுக்கு முதலில் தட்டுப்படுவது ஒட்சிசன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று அதிக விலையில்லை. பலர் இதைத்தான் பட்டியலின் கடைசியில் எழுதிப் பின் மறந்துவிடுகின்றனர். நான் முதலில் எழுதச் சொல்வேன். பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அறிவோம். சிறு குருவி வைத்து விளையாடிய அபூ உமைர் என்ற பிள்ளையிடம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்ததையும் அறிவோம். வளர்ப்பது ஆகும் என்று கூறும் உலமாக்கள், அதன் தேவையை நிறைவேற்றுவதை நிபந்தனையாக்குகின்றனர். தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கு அந்தத் தேவை மூச்சிலிருந்தே தொடங்குகின்றது.

வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்போர் குளிரூட்டிய அறையில், வளர்ப்புப் பண்ணைப் பவளத்தை வாங்கி வளர்க்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. பவளம் எலும்பு கட்டக் கல்சியம் கேட்கும். பீட்டர் வில்கன்ஸ் என்ற ஐரோப்பியர் அதற்குத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையைப் பரப்பினார். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். ஒரு காலத்தில் பவளத்தைச் சுட்டு நாம் எடுத்ததை, இன்று பவளத்துக்கே திருப்பி ஊட்டுகிறார்கள். ஆனால் வெற்றிலைத் தட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு கலப்புகள் உண்டு. தூய்மையானதைத் தனியாக வாங்க வேண்டும். கண்ணில் பட்டால் புண்ணாக்கும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

எல்லாம் பூட்டி, நீர் நிரப்பியபின் மீன் வாங்க ஓட வேண்டாம். ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடுங்கள். அதிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகை பக்ரீரியா நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. இந்த பக்ரீரியாக்கள் கற்களில் குடியேற நாலு முதல் எட்டு வாரமாகும். சோதனைத் திரவங்கள் வாங்கி, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை பொறுத்திருங்கள். விடுமுறை ஒரு மாதம்தான் என்றால், மீனை விடும் நாளில் அவர் ஊரில் இருக்கமாட்டார். அதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

பின்னர் இரண்டு கோமாளி மீன்கள் மட்டும். இவை தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கக்கூடியவை. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இவற்றைப் பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். வளர்ப்புக் குஞ்சா, கடலில் பிடித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். வளர்ப்புக் குஞ்சு கிடைத்தால் அதையே எடுங்கள், தீனிக்கும் தொட்டிக்கும் பழகியது. பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானபின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, அரைமணி கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வெளியே வீசிவிடுங்கள்.