எம்.எஸ். நோயாளிகளும் மருந்துச் சோதனையும்: கையொப்பத்துக்கு முன்னும் பின்னும்

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்கிச் சிதைப்பதால் உண்டாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்; மருத்துவர்களும் நோயாளிகளும் சுருக்கமாக எம்.எஸ். என்றே இதைக் குறிப்பிடுகின்றனர். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற நரம்பியல் அறிஞர் 1868-இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களிடம் இரு மடங்குக்குக் குறையாமல் தோன்றும் இந்நோய், தொடக்க ஆண்டுகளில் வந்து வந்து போகும் இயல்புடையது. ஒரு கண்ணில் பார்வை மங்குவதோ, கால் மரத்துப்போவதோ, நடை தள்ளாடுவதோ சில நாட்களில் தோன்றி, சில வாரங்களில் பெரிதும் தணிந்து, மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்து, பின்னர் வேறோர் இடத்தில் தலைகாட்டும். எனவே ஒருவருக்கு எந்தச் சிகிச்சையை அளித்தாலும், எதையும் அளிக்காமலே விட்டாலும், அடுத்த சில வாரங்களில் அவர் தேறிவிட வாய்ப்புண்டு. அவர் தேறியது சிகிச்சையாலா, நோயின் போக்காலா என்பதைத் தனியொருவரின் அனுபவம் ஒருபோதும் சொல்லாது. இந்நோயை வைத்துப் போலிச் சிகிச்சைகள் செழிப்பதற்கும், நேர்மையான ஆய்வுகள் ஒப்பீட்டுக் குழுவின்றி நடக்க முடியாமல் போவதற்கும் இந்த ஓர் இயல்பே காரணம் ஆகும்.

இத்தாலியின் ஃபெராரா நகரைச் சேர்ந்த பாவ்லோ ஸாம்போனி என்ற ரத்தநாள அறுவை மருத்துவர், கழுத்துச் சிரைகள் குறுகி மூளையிலிருந்து ரத்தம் வடிவது தடைபடுவதே எம்.எஸ். நோயின் மூலம் என்றும், பலூன் கொண்டு அச்சிரைகளை விரித்தால் நோய் தணியும் என்றும் 2009-இல் முன்வைத்த கருத்து இதற்குத் தக்க சான்று. ஒப்பீட்டுச் சோதனை எதுவும் நடக்கும் முன்பே, கனடாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஏராளமான நோயாளிகள் போலந்து, மெக்சிகோ, கோஸ்டாரிகா, இந்தியா என்று பயணப்பட்டுத் தம் சொந்தச் செலவில் இச்சிகிச்சையைப் பெற்றனர். பலர் தேறியதாக மனமாரச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ரத்தக் கட்டும், சிரையில் பொருத்திய ஸ்டென்ட் இடம் பெயர்தலும், பக்கவாதமும், மரணமும்கூட நேர்ந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 மே மாதத்தில் எச்சரித்தது. பிறகு கனடாவில் 104 பேரிடம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்மையிலேயே சிரையை விரித்தும் மற்றவர்களுக்கு விரிப்பதுபோல் நடித்தும் செய்யப்பட்ட சோதனையின் முடிவு 2017-இல் வெளிவந்தபோது, இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடே இல்லை. ஸாம்போனியே முன்னின்று இத்தாலியில் நடத்திய சோதனையும் அதே முடிவைத்தான் தந்தது. தம் கருதுகோளைத் தாமே சோதனைக்கு உட்படுத்தி, பாதகமான முடிவையும் வெளியிட்ட அளவில் அவருடைய நேர்மையைக் குறை சொல்ல இடமில்லை. குறை, சோதனைக்குப் பின் விற்க வேண்டியதைச் சோதனைக்கு முன்பே விற்ற மருத்துவமனைகளுடையது.

ஆயினும், முறையாக நடக்கும் சோதனைக்குள் நுழைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதுவதும் தவறு. நோய் எதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் நட்டலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2004 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்றே மாதங்களில், 2005 பிப்ரவரியில், அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. சோதனைகளில் பங்கேற்றவர்களில் இருவர் எம்.எஸ். நோயாளிகளாகவும் ஒருவர் குடல் அழற்சி நோயாளியாகவும் இருக்க, மூவருக்கும் பி.எம்.எல். எனப்படும் கொடிய மூளைத் தொற்று கண்டிருந்தது. பெரும்பாலோர் உடலில் தீங்கின்றி உறங்கும் ஜே.சி. என்ற வைரஸ், எதிர்ப்புக் காவல் தளர்ந்ததும் மூளையில் விழித்துக்கொண்டதே காரணம் என்று கண்டறியப்பட்டது. கடுமையான கண்காணிப்பு நிபந்தனைகளோடு அம்மருந்து 2006-இல் திரும்பி வந்தது, இன்று ஜே.சி. வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை, மருந்து எடுத்துக்கொண்ட கால அளவு, முன்பு எடுத்த எதிர்ப்புக்குறைப்பு மருந்துகள் ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவருக்குமான அபாயம் கணக்கிடப்படுகிறது. 2016-இல் சந்தைக்கு வந்த டக்லிசுமாப் என்ற மற்றொரு மருந்து, மூளை அழற்சி காரணமாக 2018 மார்ச்சில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஒரு மருந்தின் அரிய பக்கவிளைவு சில நூறு பேரைக் கொண்ட சோதனையில் தென்படாமலே போகலாம் என்பதால், சோதனை நடந்துகொண்டிருக்கும்போது வெளிவரும் புதிய அபாயத் தகவலைப் பங்கேற்பாளருக்குக் காலந்தாழ்த்தாமல் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியாவில் விதியாகவே உள்ளது.

அவ்விதிகள் 2019 மார்ச் 19 அன்று நடைமுறைக்கு வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகள் ஆகும். அதற்கு முன்பு நிலவிய ஒழுங்கின்மை குறித்து உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கும், 2013-இல் அந்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளும் இவற்றுக்கு வழிகோலின. இவற்றின்படி, எம்.எஸ். நோயாளியிடம் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் புரட்டிப் பார்த்தால், வங்கிப் படிவத்தில் காணப்படுவது போன்ற ஒரு வரி கண்ணில் படும்: பங்கேற்பாளரின் தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், முகவரி, உறவுமுறை. சோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாரைச் சேர வேண்டும் என்பதற்கான வரி இது. கூச்சத்தாலோ அபசகுனம் என்ற எண்ணத்தாலோ அதைக் காலியாக விடுவது குடும்பத்துக்குச் செய்யும் கெடுதல். அதே படிவத்தில், மருந்துப்போலி தரப்படும் சோதனையாயின் அதற்கு நோய்தீர்க்கும் ஆற்றல் கிடையாது என்றும், சோதனை மருந்து எதிர்பார்த்த பலனைத் தராமல் போகலாம் என்றும், வேறு என்னென்ன சிகிச்சைகள் கிடைக்கின்றன என்றும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்றும் எழுதியிருக்க வேண்டும். கையொப்பமிட்ட படிவத்தின் ஒரு நகல் பங்கேற்பாளர் கைக்கு வர வேண்டும். பார்வை மங்கியோ கை நடுங்கியோ படிக்கவும் எழுதவும் இயலாதவராயின், சோதனையோடு தொடர்பற்ற நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் அனைத்தும் வாசித்துக் காட்டப்பட வேண்டும், எம்.எஸ். நோயாளிகள் விஷயத்தில் இது வெறும் சம்பிரதாயம் அன்று.

மருந்துப்போலி என்பது மருந்து போலவே தோற்றம் கொண்ட, மருந்துச் சரக்கு இல்லாத மாத்திரை அல்லது ஊசி. இந்நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா 1993-இல் வரும்வரை, ஒப்பீட்டுக் குழுவுக்கு மருந்துப்போலி தருவதில் பெரிய அறச்சிக்கல் இருக்கவில்லை. இன்று பத்துக்கு மேற்பட்ட மருந்துகள் இருக்கும் நிலையில், பலன் தரும் சிகிச்சையை ஒருவரிடமிருந்து ஈராண்டு விலக்கி வைப்பது, அதற்குள் அவருடைய தண்டுவடத்தில் மீளாச் சேதம் நேர இடம் கொடுப்பதாகும். ஆகவே புதிய மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிடுவதே இப்போது வழக்கம். இந்திய விதிகள் இதில் ஓரடி முன்னே சென்று, வழக்கமான சிகிச்சை கிடைத்தும் அதைத் தராத நிலையில், மருந்துப்போலி கொடுத்ததால் நேரும் பாதிப்பையும், சோதனை மருந்து பலனளிக்காததால் நேரும் பாதிப்பையும் இழப்பீட்டுக்கு உரியவையாகவே வகைப்படுத்தியுள்ளன. பெற்றோரின் பங்கேற்பால் கருவிலிருக்கும் குழந்தைக்கு நேரும் பாதிப்பும் அப்பட்டியலில் உண்டு. குழந்தை பெறும் வயதுப் பெண்களே மிகுதியாக இந்நோய்க்கு ஆளாவதாலும், டெரிஃப்ளூனமைடு போன்ற மருந்துகள் கருவுக்குத் தீங்கானவை என்பதாலும், இப்பிரிவு அவர்கள் மறவாமல் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

பாதிப்பு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை தெளிவானவை. கடுமையான பக்கவிளைவு எதுவாயினும், ஆய்வாளர் அதை 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும், சோதனையை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். மத்திய உரிம அதிகாரி என்பவர் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி. நெறிமுறைக் குழு என்பது மருத்துவர்களோடு சட்ட வல்லுநர், பொதுமக்களில் ஒருவர், குறைந்தது ஒரு பெண் ஆகியோரைக் கொண்டு, அக்குழு அமைந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரின் தலைமையில் இயங்கும் அமைப்பு. பாதிப்பு சோதனையால் நேர்ந்ததன்று என்று நிறுவப்படும்வரை அல்லது தேவைப்படும்வரை இலவசச் சிகிச்சை தர வேண்டிய கடமை சோதனையை நடத்தும் நிறுவனத்துடையது. எம்.எஸ். நோயில் இங்கே ஒரு வழுக்கல் உண்டு. சோதனையின் நடுவே வரும் புதிய தாக்குதலை 'நோயின் இயல்பான போக்கு' என்று எழுதி முடித்துவிடுவது ஆய்வாளருக்கு எளிது; அது பல நேரங்களில் உண்மையும்கூட. எனவே பங்கேற்பாளரோ குடும்பத்தாரோ தொடக்கம் முதலே தேதி, அறிகுறி, யாரிடம் சொன்னது, என்ன பதில் வந்தது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பதும், எம்.ஆர்.ஐ. அறிக்கைகளின் நகல்களைக் கேட்டு வாங்குவதும், ஆய்வாளரின் விளக்கத்தில் நிறைவில்லையெனில் படிவத்திலேயே உள்ள தொடர்பு விவரத்தைக் கொண்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுத்து மூலம் முறையிடுவதும் பயன் தரும்.

மருத்துவர்களிடையேகூட அதிகம் பேசப்படாத மற்றொரு பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இல் உள்ளது. அச்சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் நாள்பட்ட நரம்பியல் நோய்களின் கீழ் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. அதன் 6-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி எவரையும் அவருக்குப் புரியும் வகையில் விளக்கிப் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் இன்றியும், மாற்றுத்திறன் ஆய்வுக் குழுவின் முன் அனுமதி இன்றியும் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்கிறது. அக்குழுவில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளோ அவர்களுடைய அமைப்பினரோ பாதிப் பங்கு வகிக்கும் அவையின் அனுமதி வேண்டும் என்பது, நிபுணர்கள் மட்டுமே முடிவெடுக்கும் வழக்கத்தினின்று பெரிய விலகல். ஆனால் சட்டத்தை மீறினால் முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை மட்டுமே அபராதம் என்பது அதன் பல்லைப் பெரிதும் மழுங்கச் செய்துவிட்டது. சட்டமீறல் குறித்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

உடலுக்கு ஆபத்தே இல்லாத ஆய்விலும் உரிமைப் பிரச்சினை எழும். எப்ஸ்டீன்-பார் என்ற மிகப் பரவலான வைரஸின் தொற்றுக்குப் பின் எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு, இத்துறையின் அண்மைக் காலத் திருப்புமுனைகளுள் ஒன்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களிடம் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக எடுத்து, மிச்சத்தைச் சேமித்து வைத்த ரத்த மாதிரிகளே அதற்கு அடித்தளம். அச்சேமிப்பு இல்லாமல் அக்கண்டுபிடிப்பு இல்லை. எனினும் ஒரு நோக்கத்துக்குக் கொடுத்த ரத்தம் இன்னொரு நோக்கத்துக்குப் பயன்படுவதை ஒருவர் ஏற்கிறாரா என்பது அவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. இந்திய ஒப்புதல் படிவங்களிலும் முடிவுகளின் அறிவியல் பயன்பாட்டைத் தடுக்கமாட்டேன் என்றொரு வாசகம் உண்டு என்பதால், ரத்தமும் தண்டுவட நீரும் எத்தனை காலம், எங்கே வைக்கப்படும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சோதனை என்ற பெயரில் பணம் கேட்கப்பட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஸ்டெம் செல் ஊசிகள் இதில் முதலிடம் வகிக்கின்றன. நோயாளியின் எதிர்ப்பு மண்டலத்தைக் கடும் மருந்துகளால் அழித்து, அவருடைய ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்களைத் திருப்பிச் செலுத்தி மீள வளர்க்கும் சிகிச்சை வேறு. 110 பேரிடம் நடந்த அதன் சோதனை 2019-இல் நல்ல முடிவைக் காட்டியது, ஆபத்தும் அதற்கேற்ப அதிகம். தொப்புள்கொடியிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்ததாகச் சொல்லும் அணுக்களை முதுகில் ஏற்றிச் சில லட்சங்களை வாங்கும் வியாபாரம் வேறு. அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றம் தவிர, பிற ஸ்டெம் செல் பயன்பாடு அனைத்தும் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் கூறுகிறது. சோதனை உண்மையானதா என்பதை இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் யாரும் இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பதிவெண் இருப்பது மட்டும் தரச்சான்று ஆகிவிடாது, ஆனால் அது இல்லாதது போதுமான எச்சரிக்கை. பணம் கொடுத்து ஏமாந்தவர், கட்டணம் பெற்ற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்ற 1995-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் துணைக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் அளிக்கலாம்.

சோதனை முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பது பெரும்பாலோர் கடைசியில் கேட்கும் கேள்வி. முதலிலேயே கேட்க வேண்டியது. மருந்து பங்கேற்பாளருக்குப் பலனளிப்பதாக ஆய்வாளர் கருதிப் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் அளித்தால் நிறுவனம் அதை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2019 விதி. ஆனால் அந்நோய்க்கு வேறு சிகிச்சை இல்லாதபோது மட்டுமே, அதுவும் பின்விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்த பின்னரே. வந்துபோகும் வகை எம்.எஸ். நோய்க்கு வேறு மருந்துகள் உண்டு என்பதால், அவ்வகை நோயாளிகளுக்கு இவ்வுரிமை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடும். ரிட்டுக்ஸிமாப் உள்ளிட்ட மூன்று எம்.எஸ். மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2023-இல்தான் முதன்முறையாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் எது, என்ன விலைக்கு, எந்த அரசுத் திட்டத்தின் கீழ் சோதனைக்குப் பின் தமக்குக் கிடைக்கும் என்பதற்கான பதிலை ஆய்வாளரிடமிருந்து கையொப்பத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது பங்கேற்பாளருக்குப் பாதுகாப்பு.