சகோதரித்துவமும் தெரிவும்: அமெரிக்க மாணவியர் சங்கங்கள் பற்றிய சில குறிப்புகள்

சமூக நிறுவனமொன்றை, அது தன்னைப்பற்றிக் கூறிக்கொள்வதைக் கொண்டன்றி, அது ஆற்றும் பணியைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களிலே ‘சொறோரிட்டி’ எனப்படும் மாணவியர் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் அங்கத்தவர் தெரிவு இத்தகைய நோக்கிற்கு ஏற்ற பொருளாகும். சகோதரி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது இப்பெயர். ஆயின் இங்கு உறவு பிறப்பால் அமைவதன்று, தெரிவால் அமைவது. தெரிபவர் யார், எதனைக் கொண்டு தெரிகின்றனர் என்பனவே எமது வினாக்கள்.

இச்சங்கங்களின் தோற்றம் ஒருவகையில் முற்போக்கானதே. 1870இல் இந்தியானா மாநிலக் கல்லூரியொன்றிலே கப்பா அல்பா தீற்றா என்ற சங்கம் தோன்றியபோது, பெண்கள் அங்கு அனுமதிபெற்றுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. ஆண்களின் சங்கங்களில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. ஆதலின் ஒதுக்கப்பட்டோரின் தற்காப்பாகவே பெண்களின் சங்கம் உருவாயிற்று. எனினும் தற்காப்புக்கென எழுந்த அரண் காலப்போக்கிற் பிறரை ஒதுக்கும் மதிலாயிற்று. 1908இல் ஹவாட் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவியரும், 1909இல் பானாட் கல்லூரி யூத மாணவியரும் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்தமை அக்காலச் சமூகப் பிரிவினையின் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

இன்றைய தெரிவுமுறையினை அலபாமா பல்கலைக்கழகத்திற் தெளிவாகக் காணலாம். ஏறத்தாழ 40,000 மாணவர் பயிலும் அங்கு, ஓகஸ்ட் மாதத்தில், விரிவுரைகள் தொடங்குமுன்னர், அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 மாணவியர் இத்தெரிவிற் பங்குபற்றி வருகின்றனர். முதற்கட்டத்தில் அவர்கள் சங்க இல்லங்கள் பலவற்றுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் உரையாடுவர். பின்னர் மாணவியர் இல்லங்களையும், இல்லங்கள் மாணவியரையும் தரவரிசைப்படுத்த, கணினி இரு பட்டியல்களையும் பொருத்துகிறது. கட்டத்துக்குக் கட்டம் அழைப்புகள் குறைந்து, ஈற்றில் ஓர் இல்லத்தின் அழைப்பே எஞ்சும். சிலருக்கு அதுவும் எஞ்சுவதில்லை. இதனை ‘இருதரப்புத் தெரிவு’ என்பர். சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் சமமானோராய்த் தோன்றுவது போன்றதே இச்சமத்துவமும். மாணவி தெரிபவளாகத் தோன்றும் அதே கணத்தில், தெரியப்படும் பொருளாகவும் ஆகிவிடுகிறாள்.

ஒரு வழக்கம் இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. இவ்வுரையாடல்களில் ஆண்கள், மது, மதம், அரசியல், பணம் ஆகியன பற்றிப் பேசலாகாது என்பது மரபாக வழங்கும் அறிவுரை. நாகரிகம் கருதியே இவ்விலக்கு எனலாம். ஆயின் மனிதரைப் பிரித்துவைக்கும் மதமும் அரசியலும் பணமும் நாவுக்கு விலக்கப்படும்போது, அவற்றை ஆடையிலும் அணியிலும் உச்சரிப்பிலுமே வாசிக்க வேண்டியதாகிறது. 2021இல் இம்மாணவியர் டிக்ரொக்கில் வெளியிட்ட ஒளிப்பதிவுகள் உலகப் புகழ் பெற்றன. அவற்றில் அவர்கள் தாம் அணிந்த ஒவ்வொன்றும் எந்த நிறுவனத்தது எனக் கூறினர். இல்லத்தினுள் விலக்கப்பட்ட பணம், இல்லத்தின் வெளியே வணிகப் பெயர்களாய்ப் பேசியது. பூர்தியூ ‘பண்பாட்டு மூலதனம்’ எனக் குறித்தது இதனையே. வர்க்கம் இங்கு ரசனை என்ற பெயரில் நுழைகிறது. நிராகரிக்கப்பட்டவளோ குறையைத் தன்னிடமே தேடுகிறாள்.

இத்தெரிவின் அதிகாரம் எங்குள்ளது என்பதை 2013 வெளிக்கொணர்ந்தது. கறுப்பின மாணவர் இருவரின் அனுமதியை எதிர்த்து 1963இல் ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் வாயிலை மறித்து நின்ற அதே பல்கலைக்கழகத்தில், ஐம்பது ஆண்டுகளின் பின்னும், சிறந்த பெறுபேறுடைய கறுப்பின மாணவி நிராகரிக்கப்பட்டதை மாணவர் பத்திரிகையான ‘கிரிம்சன் வைற்’ செப்டெம்பரில் வெளியிட்டது. அவளை ஏற்க அங்கத்தவர் சிலர் விரும்பினர். பழைய மாணவியரே தடுத்தனர். தலையீட்டைப் பகிரங்கப்படுத்தியோர் அவ்வில்லத்து மாணவியரே என்பது முக்கியமானது. நூற்றுக்கணக்கான மாணவரும் ஆசிரியரும் ஊர்வலம் சென்றனர். தெரிவு மீளத் திறக்கப்பட்டது. கறுப்பின மாணவியர் சிலர் அழைப்புப் பெற்றனர். தெரிபவராய்த் தோன்றிய இளம்பெண்கள், தமக்கு முந்திய தலைமுறையொன்றின் சமூக உடைமையைக் காக்கும் காவலராகவே வைக்கப்பட்டிருந்தனர் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஆகவே, இம்மாணவியரின் ஆடை ஆசையை எள்ளிநகையாடுவது விமரிசனமாகாது. பதினெட்டு வயதில் வீட்டை நீங்கி, பல்லாயிரவர் நடுவே முகமறியாதவளாய் நிற்கும் பெண்ணின் தனிமை உண்மையானது. தோழமை மீதான அவளது வேட்கையும் உண்மையானது. அவ்வேட்கைக்கு விலை நிர்ணயித்து, உரிமையாய்க் கிடைக்க வேண்டியதைச் சிலரின் சலுகையாக்குவதே இந்நிறுவனத்தின் பணி. பெயரளவிலான சகோதரித்துவத்தை மெய்யான தோழமையாக்கும் ஆற்றல் அங்கத்தவரிடமே உண்டு என்பதற்கு, 2013இல் மௌனத்தைக் கலைத்த அம்மாணவியரே சான்று.