கப்பு வந்தாச்சு... அடுத்த மேட்ச் எப்போ? - வடசென்னையின் 'ஆஃப் சீசன்' ஆட்டம்!

2018 மார்ச் 17, சனிக்கிழமை இரவு. பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல் ஃபைனல். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி கோல் அடிக்க, மைதானமே அதிர்ந்தது. சொந்த ஊர், சொந்த ரசிகர்கள், இந்தியாவின் நம்பர் ஒன் வீரர். பெங்களூருக்குத்தான் கப் என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். ஆனால், மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறையும், ரஃபேல் அகஸ்டோ ஒரு முறையும் வலையை அசைத்தார்கள். 3-2. சென்னையின் எஃப்.சி இரண்டாவது முறையாக சாம்பியன். அந்த அணியில் வியாசர்பாடி பையன் தனபால் கணேஷும் இருந்தார் என்பதால், வடசென்னைக்கு அது இன்னும் கொஞ்சம் நெருக்கமான கப்.

பட்டாசு, குத்தாட்டம், ஸ்டேட்டஸ் எல்லாம் முடிந்து திங்கள்கிழமை வந்துவிட்டது. அடுத்த சீசனில் சென்னையின் முதல் மேட்ச் எப்போது தெரியுமா? செப்டம்பர் 30. கிட்டத்தட்ட 200 நாள்!

கிரிக்கெட் ரசிகருக்கு இந்தக் கஷ்டம் புரியாது. ஐ.பி.எல் முடிந்த கையோடு இந்திய அணி எங்கேயாவது டூர் கிளம்பிவிடும். இங்கிலாந்துக் கால்பந்து ரசிகருக்கு மே மாதம் லீக் முடிந்தால் ஆகஸ்டில் அடுத்த லீக். 30 வருடம் காத்திருந்து 2020-ல் லிவர்பூல் லீக் ஜெயித்தபோது, கொரோனாவால் அட்டவணை நெருக்கியடித்து, ஏழே வாரத்தில் அடுத்த சீசனே வந்துவிட்டது. இந்தியக் கால்பந்து ரசிகர் மட்டும்தான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

வெள்ளம் வடிந்த ஊருக்கு வந்த கோப்பை

2018 பரவாயில்லை. 2015 கதைதான் கொடுமை.

அந்த டிசம்பரை சென்னையில் யாரும் மறக்க முடியாது. ஊரே தண்ணீரில் மூழ்கியதால் சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த ரசிகர்களே இல்லாத 'சொந்த மைதான' ஆட்டத்தில் கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது சென்னை. டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் ஃபைனல். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னிலை. டி.வி-யை அணைத்தவர்கள் பாவம். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியிடமிருந்தே பந்து வலைக்குள் போக, அடுத்த சில நிமிடங்களில் மெண்டோசா அடித்த கோலில் கப் சென்னைக்கு வந்தது.

அதுவரை கால்பந்தில் தேசிய லீக் கோப்பை எதுவும் சென்னைக்கு வந்ததே இல்லை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி 1941 முதல் நடக்கிறது. தமிழ்நாடு ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. 2012-ல் ஃபைனல் வரை போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. தாத்தா காலத்திலிருந்து பந்து உதைக்கும் தெருக்களுக்கு, அந்த 2015 கப் இரண்டே வருட கிளப்பின் கோப்பையாக மட்டும் தெரியவில்லை.

ஆனால், அதைக் கொண்டாட வீட்டில் தரை காய்ந்திருக்க வேண்டுமே? பலர் வீட்டில் நனைந்த மெத்தை மாடியில் கிடந்தது. ரேஷன் கார்டு, ஸ்கூல் சர்டிஃபிகேட் எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த சீசன் வந்தது அக்டோபரில். ஒன்பது மாதத்துக்கும் மேல் இடைவெளி. நடுவில் மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வேறு. சாம்பியன் படம் வரையச் சுவர் கிடைத்திருந்தாலும், கட்சிக்காரர்கள் விட்டுவைத்திருக்க மாட்டார்கள்!

ஜூனில் கோபா அமெரிக்கா. ஃபைனல் நம் நேரப்படி ஜூன் 27 அதிகாலை. பெனால்ட்டி ஷூட் அவுட்டில் மெஸ்ஸி பந்தை வானத்துக்கு அனுப்பினார். தோற்றதும் 'இனி அர்ஜென்டினாவுக்கு ஆடமாட்டேன்' என்று சொல்லிவிட்டார். ஒரு கப் ஜெயித்த ஊர், இன்னொரு நாட்டுக்காக துக்கம் அனுசரித்த காலை அது. ஆகஸ்டில் அவர் மனம் மாறினார். அவர் கையில் உலகக்கோப்பையைப் பார்க்க 2022 டிசம்பர் 18 வரை, அர்ஜென்டினாக்காரர்கள் மொத்தம் 36 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. வடசென்னையில் பிரேசில் கட்சி, அர்ஜென்டினா கட்சி என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. இதில் நடுநிலை வகிப்பவர் அநேகமாக அம்மா மட்டும்தான். அவருக்கும் அந்த நேரத்தில் சீரியல் போச்சே என்ற கவலை இருக்கும்.

படகுக்கும் லீவு, பந்துக்கும் லீவு

ராயபுரம், காசிமேடு பக்கம் இன்னொரு 'ஆஃப் சீசன்' உண்டு. அது கடலுக்கான ஆஃப் சீசன். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு இது 45 நாளாக இருந்தது. 2017-ல்தான் 61 ஆனது.

இந்த 61 நாளும் காசிமேடு சும்மா இருக்காது. படகைக் கரையேற்றி பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது, வலை பின்னுவது என்று வேலை நடக்கும். ஆனால், வருமானம் நின்றுவிடும். அரசின் நிவாரணத் தொகையை வைத்துக் குடும்பத்தை ஓட்டவேண்டும். நாள் கணக்கில் கடலிலேயே கிடக்கும் ஆட்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரையில் இருப்பது இந்த இரண்டு மாதம்தான். ஸ்கூல் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் முழுப் பரீட்சை லீவு. அப்பாவும் பையனும் ஒரே டீமில் ஆடக்கூடிய சீசன் என்று ஒன்று இருந்தால், அது இதுதான்.

2018-ல் ஓர் ஆச்சர்யம் நடந்தது. மார்ச்சில் சென்னை சாம்பியன். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அதே ஜூன் 14 இரவு எட்டரை மணிக்குத்தான் ரஷ்யாவில் உலகக்கோப்பையின் முதல் ஆட்டம்! சவுதி அரேபியாவை ரஷ்யா 5-0 என்று புரட்டியெடுத்த அந்த மேட்ச் முடியும்போது மணி பத்தரை. டீசலும் ஐஸும் ஏற்றிய படகு துறைமுகத்தில் தயாராக நிற்கும் நேரம். கடைசி விசில் கேட்டுவிட்டு, கடலுக்குக் கிளம்பலாம். அதற்கப்புறம் நடந்த ஆட்டங்களின் ஸ்கோர்தான் கரைக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாகியிருக்கும்.

மணலைக் கடல் தின்ற கதை

சரி, கடற்கரை ஊர்தானே? கோவா, கேரளா மாதிரி மணலில் இறங்கி ஆடவேண்டியதுதானே என்று கேட்கலாம். மெரினாவில் எவ்வளவு மணல்! ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போய்ப் பாருங்கள்... பெரும்பாலும் கருங்கல்தான்.

காரணம், துறைமுகம். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டேயிருக்கும். சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர்கள் அதைத் தடுத்து நிறுத்திவிட்டன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே புது மணல் வராததால், இருந்ததையும் அலை அரித்துக்கொண்டே போனது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கடலோரம் கல் கொட்டிக் கல் கொட்டி, இன்று எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி கற்களின் வரிசை. தென்சென்னை வாக்கிங் போக ஒரு பீச் கிடைத்ததன் மறுபக்கத்தில், வடசென்னைப் பிள்ளைகளின் கிரவுண்டும் இருக்கிறது என்றால் மிகையில்லை.

அதனால் ஆட்டம் ஊருக்குள் நுழைந்தது. தெருவில் செருப்பை வைத்து கோல் போஸ்ட். லாரி வந்தால் ஆட்டம் நிற்கும், போனதும் தொடரும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் இந்தப் பக்கத்தில் ஆட்டம் எத்தனை முறை நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கோடையில் ஆளாளுக்குப் பணம் போட்டு, லைட் கட்டி, இரவு நேர டோர்னமென்ட். ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டம். ஆலையில் ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கும் இடம் உண்டு. மழை வந்தால் கேரம் போர்டு. அதையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இதே வடசென்னைப் பெண்தான்.

வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்று பெயர் வந்ததும் இப்படித்தான். முல்லை நகர் மைதானத்தை மையமாக வைத்து, 1997-ல் தொடங்கிய ஓர் அமைப்பு பந்தோடு படிப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அங்கே ஆஃப் சீசன் என்ற வார்த்தைக்கே அர்த்தம் கிடையாது. டி.வி-யில் லீக் இல்லாத மாதங்களில்தான் கிரவுண்டில் கூட்டம் அதிகம்.

மணிக்கு 120 ரூபாய்

அதனால்தான் 2024 அக்டோபரில் வந்த செய்தி வடசென்னையைத் தூக்கிவாரிப் போட்டது. சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. ஐந்துக்கு ஐந்து ஆட்டம் என்றால் பத்து பேர். ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய். தினமும் ஆடினால் ஒரு பையனுக்கு மட்டும் மாதம் 3,600 ரூபாய். வடசென்னையில் எந்த வீட்டில் இதைக் கொடுக்க முடியும்?

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. கட்சிகள் பேசின, ஆட்டக்காரர்கள் பேசினார்கள், சோஷியல் மீடியா கொதித்தது. சில நாள்கூட ஆகவில்லை, முடிவு கைவிடப்பட்டது. மைதானங்கள் இலவசமாகவே தொடரும் என்று மாநகராட்சி அறிவித்தது. கோப்பைகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆனாலும், சமீப வருடங்களில் வடசென்னைக் கால்பந்துக்குக் கிடைத்த பெரிய ரிசல்ட் இதுதான் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

காத்திருந்தால் என்ன கிடைக்கும்?

200 நாள் காத்திருந்தவர்களுக்கு 2018-19 சீசன் என்ன கொடுத்தது? முதல் மேட்ச்சே பெங்களூருடன். பழிவாங்கினார்கள்... 1-0 என்று நாம் தோற்றோம். தனபால் கணேஷ் காயத்தால் வெளியே. சீசன் முடிவில் ஒன்பதே பாயின்ட்டுடன் கடைசி இடம். நடப்பு சாம்பியன் கடைசி! ஆஃப் சீசன் முழுக்க டீக்கடையில் போட்ட 'இந்த வருஷமும் நமக்குத்தான்' கணக்கெல்லாம் தண்ணீரில் போயிற்று.

அதே காலத்தில் கொண்டாடாமல் விட்ட வெற்றிகளும் உண்டு. 2018 பிப்ரவரியில், சென்னையின் கப்புக்கு ஒரு மாதம் முன்பு, தமிழ்நாடு பெண்கள் அணி முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனது. ஃபைனலில் வீழ்த்தியது, பெண்கள் கால்பந்தின் அசைக்க முடியாத மணிப்பூரை. எத்தனை தெருவில் பேனர் வைத்தோம்? 'பிகில்' வந்து விசில் அடிக்க 2019 தீபாவளி வரை ஆனது. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி எஃப்.சி ஐ-லீக் ஜெயித்தது. பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோயம்புத்தூரில். இன்று அந்த அணி தேசிய லீக்கிலேயே இல்லை.

சென்னையின் எஃப்.சி-க்கு அதன்பின் கப் வரவில்லை. வந்ததெல்லாம் நீள நீளமான ஆஃப் சீசன்கள். 2020 பிப்ரவரி 29-ம் தேதி நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 என்று அடித்து அனுப்பியதுதான் கடைசி. கொரோனாவால் அடுத்த இரண்டு சீசனும் கோவாவில், ஆளே இல்லாத மைதானங்களில் நடந்தன. சென்னை மறுபடி சொந்த ஊரில் ஆடியது 2022 அக்டோபர் 14-ம் தேதி. இரண்டரை வருடம்!

2025-ல் வேறு மாதிரி பிரச்னை. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்குமான ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதால், ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி தன் செயல்பாடுகளையே நிறுத்தியது. சம்பளம் எப்போது என்று வீரர்களுக்குத் தெரியாது, அணி இருக்குமா என்று ரசிகர்களுக்குத் தெரியாது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ஸ்டாண்டில் நின்று தொண்டை கிழியக் கத்திய கூட்டத்துக்கு, முதல் முறையாக 'அடுத்த மேட்ச் எப்போ' என்ற கேள்விக்கு பதிலே இல்லாத நிலை. 2026 பிப்ரவரியில்தான் லீக் ஒருவழியாகத் தொடங்கியது.

இதற்கு நடுவில் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. 2018-ல் எட்டு மணி மேட்ச் பார்த்துவிட்டு வெளியே வரும் திருவொற்றியூர்க்காரர், பத்து மணிக்கு மேல் மூர் மார்க்கெட்டுக்கு ஓடி மின்சார ரயிலைப் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் பஸ். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. சென்ட்ரலில் ஏறினால் நேராக வீடு. என்ன, ரயில் ஓட ஆரம்பித்த அந்த மாதம் நம் அணி கோவாவில் ஆடிக்கொண்டிருந்தது!