கந்தோர் அச்சுப்பொறியின் குறைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலாவரைக் கிணற்றை அயலிலே கொண்ட புத்தூர், செம்மண் தோட்டங்கள் நிறைந்த ஊராகும். சோளகக் காற்று வீசுங் காலத்திற் செம்புழுதியும், மாரியில் ஈரமும் அவ்வூர்க் கட்டடங்களுட் புகுதல் இயல்பு. கந்தோர் மேசையிலுள்ள அச்சுப்பொறியும் இவ்விரண்டிற்குந் தப்புவதில்லை. பரீட்சை விண்ணப்பத்துக்கோ உறுதிப் பிரதிக்கோ ஒருவர் தோட்டவேலையை விட்டுவந்து காத்திருக்கையிற் பொறி நின்றுவிட்டால், நட்டம் கந்தோருக்கு மட்டுமன்று. ஆதலின், குறையின் காரணத்தை விரைவில் அறியும் வழி யாவர்க்கும் பயன்தரும்.

முதலில் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். 1938 ஒக்டோபர் 22 இல், நியூயோர்க் நகரிற் செஸ்ரர் கார்ல்சன் என்பவர், கந்தகம் பூசிய துத்தநாகத் தகடொன்றைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்துப் பொறித்த கண்ணாடியினூடே அதன்மீது ஒளியைப் பாய்ச்சிப் பின் நுண்டூளைத் தூவினார். எழுத்தின் வடிவிலே தூள் ஒட்டிநின்றது. இன்றைய லேசர் அச்சுப்பொறியிலும் மின்னேற்றமே மைத்தூளை உருளைக்கும், உருளையிலிருந்து கடதாசிக்கும் ஈர்க்கின்றது. அதன்பின் சூடான உருளை அத்தூளை உருக்கிப் பதிக்கின்றது.

மாரிகாலத்துத் தொல்லை இதனால் விளங்கும். ஈரங்கொண்ட கடதாசியில் மின்னேற்றம் நிலைபெறாது கசிந்துவிடும். எழுத்துத் திட்டுத்திட்டாக மங்கும். சூட்டுருளையிற் பட்டதும் தாள் சுருளும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கும். இவ்வேளையிற் புதிய கடதாசிப் பொதியொன்றைப் பிரித்துப் பத்துத் தாள்களை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அவை தெளிவாக வந்தால், குற்றம் பொறியினது அன்று. பொதியைச் சீமெந்துத் தரையில் வையாது, உறையோடு அலுமாரியில் வைத்து, அன்றாடத் தேவைக்குரிய தாள்களை மட்டும் தட்டில் இடுவது நன்று.

புழுதியின் வேலை வேறு. தாளை இழுக்கும் றப்பர் உருளையில் அது படிந்தால், உருளை சுழன்றாலும் தாள் நகராது. மின்னிணைப்பைக் கழற்றி, சற்றே நனைத்த, நூல் உதிராத துணியால் உருளையைத் துடைத்து உலரவிட்டாற் போதும். உள்ளே சிக்கிய தாளை, பொறி ஆறிய பின்னர், அது செல்லும் திசையிலேயே இரு கைகளாலும் மெல்ல இழுக்க வேண்டும். கிழிந்த துண்டு ஒன்று எஞ்சினாலும் அடுத்த தாள் அங்கே சிக்கும்.

ஏனைய குறைகளைப் பழுதான தாளே சொல்லும். பக்கம் முழுவதும் மங்கினால் மைத்தூள் குறைந்துவிட்டது; ரோனர்க் கூட்டைக் கழற்றிப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பூட்டினால் இன்னுஞ் சில பக்கங்கள் கிடைக்கும். நெடுகக் கறுப்புக்கோடு விழுந்தால் ஒளியுணர் உருளையிற் கீறல் இருக்கலாம். ஒரே கறை சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்தால், அவ்விடைவெளியை அடிமட்டத்தால் அளக்க வேண்டும். அது பழுதுற்ற உருளையின் சுற்றளவாகும். விரலால் தேய்க்க எழுத்து அழிந்தால் சூடு போதவில்லை. புதுக் கூட்டைப் பூட்டியதும் வெறுந்தாள் வந்தால், அதன் அடைப்பு நாடா நீக்கப்பட்டதா எனப் பார்க்க வேண்டும்.

இரு எச்சரிக்கைகள் உள. ஒளியுணர் உருளையை வெளிச்சத்தில் நெடுநேரம் வைத்தலாகாது. கையிற் பட்ட மைத்தூளைக் குளிர்ந்த நீராற் கழுவுக. வெந்நீர் அதனை இளக்கிப் படியச் செய்யும்.

முதலிற் கடதாசி, அடுத்து இழுக்கும் உருளை, பின்னர் மைத்தூள் என்ற ஒழுங்கிற் சோதித்தும் குறை தீராதாயின் திருத்துநரை அழைக்கலாம். அப்போதும் பழுதான தாளை எறியாது அவரிடங் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும். ஈரத்தாளின் குற்றத்துக்காகப் புதிய ரோனர் வாங்கும் வீண்செலவும் இவ்வாறு தவிரும்.