தேரி மண்ணில் உரம் தங்க உதவும் வேர்ப் பூசணம்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் செம்மணல் மேடுகளாகக் கிடப்பது தேரி நிலம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை விரைவில் மணலுக்குள் இறங்கிவிடும். ஆடிக் காற்றில் மேல்மண் பறக்கும். பனை, முந்திரி, உடை மரங்கள் எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் வண்டி வண்டியாகத் தொழு உரம் இட்டாலும் மறு வருடம் நிலம் வெறும் மணலாகவே நிற்பதுண்டு. இட்ட உரம் எங்கே போகிறது?

காற்றில் கலக்கும் உரம்

காய்ந்த சருகு, தட்டை ஆகியவற்றின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு கரிமம். காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும், அடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் பெருகி இதைத் தின்று கரியமிலவாயுவாக வெளியே விடுகின்றன. வெப்பம் கூடினால் இது இன்னும் விரைவாக நடக்கும். களிமண்ணில் கரிமம் களித்துகள்களோடு ஒட்டித் தங்கும். மணலில் அவ்வாறு ஒட்டிக்கொள்ள இடம் குறைவு.

வன்னி மரம் தரும் பாடம்

ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலும் மண் இத்தகையதே. எனினும் அங்கே வன்னி மரத்தை அடுத்த கம்புப் பயிர் செழிப்பாக வளர்கிறது. மரத்தடி மண்ணில் கரிமமும் தழைச்சத்தும் கூடுதல். உதிரும் இலை ஒரு காரணம். மண்ணுக்குள் வாழும் பூசணம் மற்றொரு காரணம்.

வன்னியின் வேரில் 'வேம்' எனப்படும் வேர்ப் பூசணம் வாழ்கிறது. கம்பு, சோளம், உளுந்து, முந்திரி ஆகியவற்றின் வேர்களிலும் இது உண்டு. பயிர் தன் இலையில் தயாரிக்கும் உணவில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை இப்பூசணத்துக்குக் கொடுக்கிறது. பூசணம் வேர்த்தூவியினும் மெல்லிய இழைகளைப் பரப்பி, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்து, துத்தநாகம், ஈரம் ஆகியவற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்த இழைகள் மணலைப் பின்னிக் கட்டிகளாக்குகின்றன. கட்டிக்குள் அகப்பட்ட கரிமம் நுண்ணுயிர்களுக்கு எளிதில் எட்டாது. அதனால் அதிக காலம் தங்குகிறது. உலகம் முழுவதும் செடிகள் வேர்ப் பூசணங்களுக்குக் கொடுக்கும் கரிமம், வருடத்துக்கு 1,312 கோடி டன் கரியமிலவாயுவுக்குச் சமம் என 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதில் ஒரு பகுதி மீண்டும் காற்றுக்குத் திரும்பிவிடும். மீதியே மண்ணில் நிற்கும்.

இடும் முறை

வேம் பூசணம் உயிருள்ள வேரில்தான் வளரும். ஆகவே மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்து, வேரும் மண்ணும் கலந்த தூளாகத் தருகிறார்கள். இதை மேலாகத் தூவுவதில் பயனில்லை. வேர் தொடும் இடத்தில் இடவேண்டும்.

நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் தூளை விதைக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இடலாம். பாலித்தீன் பையில் வளரும் முந்திரிக் கன்றுக்கு 5 முதல் 10 கிராம் போதும். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம், உரமிடும்போது வேர்ப் பகுதியில் இடலாம். பூசணக் கொல்லி மருந்துடன் கலக்கக் கூடாது. முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு ஆகியவற்றுக்கு இது பயன் தராது.

கவனிக்க வேண்டியவை

அடிக்கடி உழுதால் இழைகள் அறுபடும். சூப்பர் பாஸ்பேட்டை அளவுக்கு மேல் இட்டால் பயிர் பூசணத்துக்கு உணவு கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். நிலம் நெடுநாள் வெறுமையாகக் கிடந்தால் பூசணமும் குன்றும்.

இது தொழு உரத்துக்கு மாற்று அல்ல. நிலத்தில் ஏற்கெனவே நல்ல பூசணம் இருந்தால் வாங்கி இடுவதில் அதிகப் பலன் தெரியாது. எனவே முதலில் சில பாத்திகளில் மட்டும் இட்டு, இடாத பாத்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் செலவு செய்வது நல்லது.

மண் பரிசோதனையில் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். இப்போது ஒருமுறை பரிசோதித்து, குறைந்த உழவும் மூடாக்கும் கடைப்பிடித்து, மூன்று வருடங்கள் கழித்து மறுபடி பரிசோதித்தால் மண்ணில் என்ன தங்கியது என்று தெரிந்துவிடும்.