எல்லையோரத்துக் கதாசிரியர்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் இரயில் நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையில் வந்து நிற்கிறது. அதற்கப்பால் வரும் குழித்துறை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சாலை வழியே செல்வோருக்கு இஞ்சிவிளை கேரளம், களியக்காவிளை தமிழகம். இரண்டு ஊர்ப் பெயர்களும் ‘விளை’ என்றே முடிகின்றன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மரமும் பயிரும் விளையும் மேட்டு நிலத்திற்கு அப்பக்கத்தார் இட்ட பெயர் அது. எல்லைக்கோடு சோதனைச் சாவடியை இரண்டாக்கியிருக்கலாம், அச்சொல்லை இரண்டாக்கவில்லை.

அக்கோடு வந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்–கொச்சி இராஜ்யத்திலிருந்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் 4 தாலுகாக்கள் பிரிந்து, சென்னை இராஜ்யத்தில் கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. அது கேரளத்திலேயே நின்றது. ஆகவே ஒரே குடும்பத்தின் ஒரு கிளை தமிழ்ப் பள்ளிக்கும் மற்றொரு கிளை மலையாளப் பள்ளிக்கும் சென்ற வீடுகள் இரு பக்கத்திலும் உண்டு. அடுப்பங்கரைப் பேச்சு மட்டும் ஒன்றாகவே இருந்தது.

இத்தகைய மண்ணில் பிறந்த ஒருவர் கதை எழுதப் புகுந்தால் அவருடைய அன்றாட வாழ்வு எவ்வாறிருக்கும்? எம்மொழியில் எழுதுவார்? எதைத் தின்று எழுதுவார்? யார் அதைப் படிப்பார்கள்? பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல.

தோப்பில் முஹம்மது மீரான் அவர்களை எடுத்துக்கொள்வோம். பாறசாலைக்குத் தெற்கே, குழித்துறை ஆறு கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்தவர் அவர். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தமையால், அவர் பள்ளியில் பயின்றது மலையாளம். தமிழை அவர் செவி வழியே பெற்றார். மீன் விற்போர் கூவியதும், பாட்டிமார் கதை சொன்னதும், பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்கள் வழக்காடியதும் அவருக்குப் பாடநூலாயின. தம் ஊர்த் தமிழை மலையாள எழுத்தில் எழுதி, பின்னர் அதனைத் தமிழ் எழுத்திற்கு மாற்றுவித்த காலமும் அவருக்கு உண்டு. நாவில் ஒரு மொழியும் விரல்நுனியில் மற்றொரு மொழியின் எழுத்துமாக ஒருவர் நாவல் படைத்தார் என்பது சாதாரணச் செய்தியன்று.

‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வெளிவந்தது. ஊரின் செல்வந்தர் ஒருவர் தம் அதிகாரம் நிலைக்க வேண்டி, ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்து நிற்பது அதில் முக்கியமான பகுதி. பின்னர் ‘துறைமுகம்’, ‘கூனன் தோப்பு’, ‘சாய்வு நாற்காலி’, ‘அஞ்சுவண்ணம் தெரு’ முதலியன வந்தன. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. பழம்பெருமை பேசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் முஸ்தபாக்கண்ணு, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் கதை அது.

இத்தனையும் எழுதியவர் எழுதியே பிழைத்தாரோவெனின், இல்லை. திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வாணிகம் செய்தார். கொள்முதல் விலையையும் வாடிக்கையாளரின் பாக்கியையும் கணக்கிட்ட அதே தலையில்தான் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையும் இருந்தது. 2019ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானார்.

இவ்வட்டாரத்துப் பிற கதாசிரியர்களின் வாழ்வும் இவ்வாறே. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவைக் கதைகளாக்கிய ஆ. மாதவன், அதே தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். இரணியல் வாழ்க்கையை ‘தலைமுறைகள்’ என 1968இல் நாவலாக்கிய நீல பத்மநாபன், கேரள மின்சார வாரியத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தார். பனையேறும் மக்களின் வாழ்வை ‘புத்தம் வீடு’ என 1964இல் தந்த ஹெப்சிபா ஜேசுதாசன், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியை. விளவங்கோட்டு ரப்பர்த் தோட்டங்கள் வந்தபின் மாறிய வாழ்வை 1990இல் ‘ரப்பர்’ என எழுதிய ஜெயமோகன், தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர். கிராமக் கதை பெரும்பாலும் அலுவல் முடிந்த பிறகும் கடை சாத்திய பிறகும் எழுதப்பெற்றது என்பதை இதனால் அறிகிறோம்.

இனி இக்கதாசிரியரின் சிறு சாகசங்கள். காட்டையும் கடலையும் தாண்டும் வீரச் செயல்கள் அல்ல அவை. பெரும்பாலும் ஒரு சொல்லை முன்னிட்டு நேர்வன. குமரி மாவட்டத்துப் பாத்திரம் ஒன்று, ‘குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தா’ என்கிறது. தஞ்சாவூர் வாசகருக்கு வெள்ளமென்றால் ஆற்றுப் பெருக்கு. அதை எப்படிக் குடிப்பது என்று அவர் திகைக்கிறார். பதனீரை ‘அக்கானி’ என்றும், மரவள்ளிக் கிழங்கை ‘மரச்சீனி’ என்றும், நினைவை ‘ஓர்மை’ என்றும், பேசுதலைப் ‘பறைதல்’ என்றும் அங்கே கூறுவர். கதாசிரியர் இவற்றை நீக்கிப் பொதுச்சொல் இட்டால், ஊரார் ‘இது எங்கள் பேச்சன்று’ என்பர். இட்டபடியே விட்டால், வெளியூரார் ‘இது தமிழா, மலையாளமா?’ என்பர். இரு பக்கமும் நின்று வழக்காட வேண்டிய நிலை அவருக்கு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வழக்கில் ஓரளவு அனுபவம் உண்டு. அரசாங்கச் சுற்றறிக்கையைத் தமிழாக்கும்போது எந்த மாவட்டத்தாருக்கும் அயலாகாத சொல்லையே நாம் தேடுகிறோம். அங்கே அது கடமை. கதையின் கடமை வேறு. முஸ்தபாக்கண்ணு சுற்றறிக்கைத் தமிழில் பேசினால் அவர் முஸ்தபாக்கண்ணு ஆகார். மேலும், ‘கொச்சை’ என்று தள்ளப்படும் சொற்களில் பல தமிழின் பழைய உடைமைகளே. ‘பறைதல்’ யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் வழங்குகிறது. குமரி முனையும் ஈழமும் காத்த சொல்லை மலையாளத்திலிருந்து வந்த இரவல் என்று எண்ணுவது பொருந்தாது.

இதற்கு முன்னரே பிற வட்டாரங்களில் வழி திறந்திருந்தது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இலேயே கொங்குப் பேச்சை நாவலுள் கொணர்ந்தது. கரிசல் நிலத்து உழவரான கி. ராஜநாராயணன், கதைகள் எழுதியதோடு அமையாமல், வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். புரியாத சொல்லை வெட்டி எறிவதை விட, அதன் பொருளை எழுதிச் சேர்ப்பதே முறை என்பதை அவர் காட்டினார்.

இவற்றில் நமக்கு என்ன என்று நேயர்கள் கேட்கலாம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள், மீரானைப் போலவே வேற்றுமொழிப் பள்ளியில் பயில்கிறார்கள். சட்டம் நமக்கு முற்றிலும் கைகொடாமல் இல்லை. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டுமென அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தச் சிறப்பு வழிவகை செய்துள்ளது. ஆயினும், சட்டம் பள்ளிக்கூடத்தின் வாயில்வரை வரும்; வீட்டு அடுப்பங்கரைக்குள் வாராது.

மீரானின் வாழ்வு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. எழுத்து தாமதமாக வரினும் மொழி அழிந்துபடுவதில்லை என்பது ஒன்று. செவியில் விழாத மொழியை எழுத்து மட்டும் உயிர்ப்பிக்க இயலாது என்பது மற்றொன்று. உயிர் 12, மெய் 18 என்பதை ஒரு கோடை விடுமுறையில் கற்பிக்கலாம். பாட்டியின் ஒரு வசவையோ, தாலாட்டையோ, ஊர்ப்பெயரின் கதையையோ அவ்வாறு ஒரு விடுமுறையில் கற்பிக்க முடியாது. அவை ஆண்டுக்கணக்கில் வீட்டில் புழங்கியாக வேண்டும்.

அப்படிப் புழங்கும் பேச்சு நெல்லைத் தமிழாயினும், ஆர்க்காட்டுத் தமிழாயினும், குமரித் தமிழாயினும், அதற்காக வெட்கப்பட வேண்டுவதில்லை. அயலார் முன்னிலையில் ‘நம் பேச்சு நல்ல தமிழன்று’ என்று பெற்றோர் கூசிக் குரலைத் தாழ்த்தும் வீடுகளில், பிள்ளைகள் அப்பேச்சை மட்டுமன்றித் தமிழையே கைவிடுகின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும்போது இந்நூல்களில் ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் உரக்கப் படியுங்கள். புரியாத சொல் வந்தால் நிறுத்தி, ‘நம் ஊரில் இதற்கு என்ன பெயர்?’ என்று வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை ஒரு நோட்டுப் புத்தகத்தில், எந்த எழுத்தில் முடியுமோ அந்த எழுத்தில், குறித்து வையுங்கள்.